சுந்தரியின் பழி



சிராவஸ்தி நகரில் பகவான் புத்தரின் புகழைப் பொறாத பிற சமயத்துறவிகள், சுந்தரி என்னும் பெண் துறவியை ஜேதவனத்திற்கு அடிக்கடி சென்றுவருமாறு ஏவினர். ஊரார் கண்ணில் அது நன்கு பதிந்தபின், கூலியாட்களால் அவளைக் கொல்வித்து, உடலை ஜேதவனத்து அகழியில் மறைத்தனர். பின்னர் அவளைக் காணவில்லையென்று அரசனிடம் முறையிட்டு, தாமே தேடி எடுத்து, வீதிதோறும் சுமந்து காட்டினர். பிக்குகள் பிச்சைக்குச் சென்ற இடமெல்லாம் வசைமொழி. இவ்வொலி ஏழு நாளில் அடங்கும் என்றார் பகவான். கொலைஞர்கள் கள்ளுண்டு தம்முள் சண்டையிட்டபோது உண்மை வெளிப்பட்டது.

ஏழு நாளில் அடங்காத பழியும் உண்டு. யூத மூப்பர்கள் உலகை அடக்கச் சதிசெய்த குறிப்புகள் என்று 1903இல் ருஷ்யாவில் ஒரு பொய்ந்நூல் வெளிவந்தது. மோரிஸ் ஜோலி என்னும் பிரெஞ்சுக்காரர் மூன்றாம் நெப்போலியனை எள்ளி 1864இல் எழுதிய நூலிலிருந்து திருடியது அது என லண்டன் டைம்ஸ் 1921இல் மெய்ப்பித்தது. ஜோலியின் நூலில் யூதர்சதி என்ற பேச்சே இல்லை! ஆயினும் பொய் சாகவில்லை; ஹிட்லர் ஆட்சியில் அறுபது லட்சம் யூதர் மாண்டனர். அவ்வெறுப்பும் தீண்டாதார்மீது சனாதனம் கொண்ட வெறுப்பும் ஒரே தன்மையன எனப் பாபாசாகேப் எழுதியுள்ளார். இன்று அப்பொய் வேடம் மாற்றியுள்ளது. யூதர் என்று சொல்வதில்லை. 'உலக வங்கிக்காரர்', 'மறைந்திருந்து ஆள்வோர்' என்பர். கேட்போர் குறிப்பறிந்து கொள்வர். மணிமேகலை வாய்க்குற்றங்களுள் வைத்த 'குறளை' இதுவன்றி வேறென்ன?

நம் கொங்கணக் கரையில் யூதர் எவ்வாறு வாழ்ந்தனர்? செக்காட்டி எண்ணெய் விற்றனர். சனிக்கிழமை செக்கு ஓட்டாமையால் அவர்களைச் 'சனிவார் தேலி' என்றனர் ஊரார். உலகை ஆண்டவர் செக்காட்டுவரோ? 2008 நவம்பரில் கொலாபா நாரிமன் இல்லத்தில் அறுவர் கொல்லப்பட்டதையும் இந்நகரம் கண்டது.

சென்ற வாரம் தாராவி அன்பரொருவர் இத்தகைய கதையொன்றைத் தாளில் எழுதிக்கொணர்ந்து, உண்மைதானோ என்றார். நான் 1960களை நினைவூட்டினேன். 'மார்மிக்' வார இதழ் இந்நகர அலுவலகங்களில் பணிபுரிந்த தென்னாட்டார் பெயர்களை வரிசையாக அச்சிட்டது. படித்துவிட்டுச் சும்மா இருங்கள் என்பதே தலைப்பு. பிறகு சும்மா இருந்தார்களா? 'லுங்கி ஹடாவ்' முழக்கம் எழுந்தது. மாதுங்கா உணவுவிடுதிகளில் கல் விழுந்தது. பட்டியலில் இருந்தோர் அலுவலகங்களில் பணிபுரிந்தவர்கள். சதிசெய்ய அவர்களுக்கு நேரமேது!

"உம் தந்தையார் அந்நாளில் எங்கிருந்தார்?" என்றேன்.

"செம்பூரில். மூன்று நாள் கதவைத் திறக்கவில்லையாம்."

"இக்கதையை எழுதியவர் எந்த யூதரைக் கண்டார்?"

அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இன்னும் விடை கூறவில்லை.