பாட்டனாரின் பெயர்

திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில், 1925ஆம் ஆண்டு இராஜாஜி அவர்கள் காந்தி ஆசிரமத்தை நிறுவினார். சேலத்தில் புகழ்மிக்க வழக்கறிஞராயிருந்து, நகராட்சித் தலைவர் பதவியும் வகித்தவர், கதர்ப் பணிக்காக இந்த வானம் பார்த்த பூமிக்கு வந்தார். உடன் வந்த மக்களுள் ஒருவர் இலட்சுமி. அவரும் காந்தியடிகளின் இளைய மகன் தேவதாசும் மணம் செய்துகொள்ள விரும்பியபோது, தந்தையர் இருவரும் உடனே இசையவில்லை; பல்லாண்டு பிரிந்து காத்திருக்கச் செய்தனர். திருமணம் 1933இல்தான் நடந்தது. பெரியோர் வீட்டில் பிறந்தவர்க்கு நெஞ்சின் விருப்பமும் நாட்டுக் காரியமாகிவிடுகிறது.

அத்தம்பதியர்க்கு மக்கள் நால்வர். தந்தைவழிப் பாட்டனார் மகாத்மா. தாய்வழிப் பாட்டனார் இராஜாஜி. இராஜ்மோகன் இருவரின் வரலாற்றையும் நூல்களாக எழுதினார். 1989இல் அமேதியில் ராஜீவ் காந்தியை எதிர்த்து நின்று தோற்றார். கோபாலகிருஷ்ணர் 1968இல் இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்து தமிழகத்தில் பணியாற்றினார். 2004 முதல் 2009 வரை மேற்கு வங்க ஆளுநராயிருந்தார். 2017இல் குடியரசுத் துணைத் தலைவர் தேர்தலில் தோற்றார். பெயருக்காக மக்கள் வணங்குவர், வாக்களிப்பதில்லை. இதில் குறை காண நமக்கு ஒன்றுமில்லை.

நம் நெஞ்சை உறுத்துவது அவர்களுடைய பெரிய தந்தையார் ஹரிலாலின் வாழ்வு. தென்னாப்பிரிக்காவில் தந்தையின் அறப்போரில் பன்முறை சிறை சென்றவர் அவர். சட்டம் பயில இங்கிலாந்து செல்ல விழைந்தார், தந்தை இசையவில்லை. மகனென்பதற்காகச் சலுகை காட்டலாகாது என்பது தந்தையின் நீதி. மகனென்பதாலேயே தமக்குக் கதவு அடைபட்டது என்பது மகனின் வழக்கு. இரண்டிலும் உண்மை உண்டென்றே கருதுகிறோம். பின்னர் அவர் மதுவிலும் கடனிலும் வீழ்ந்தார். 1936இல் இஸ்லாத்தைத் தழுவி அப்துல்லா என்னும் பெயர் பூண்டார். அவ்வாண்டிலேயே திரும்பிச் சென்றார். அன்று நம்மவரிலும் மகிழ்ந்து கொண்டாடியவர் உண்டு. அவர்கள் வரவேற்றது ஒரு மனிதரையா, மகாத்மாவின் மகனையா? இவ்வினாவுக்கு நாணாமல் விடை கூற நம்மால் இயலவில்லை. தந்தை கொல்லப்பட்ட ஐந்து மாதங்களுக்குள், 1948 ஜூனில், ஹரிலால் பம்பாயில் மறைந்தார்.

நபி நூஹ் (அலை) அவர்களின் மகன் பெருவெள்ளத்தில் மூழ்கினான். நபி இப்ராஹீம் (அலை) அவர்களோ சிலைகளை வணங்கிய தந்தைக்குப் பிறந்தவர். இதைப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் ஓதிக் கொடுக்கும் நாமே, தெருவில் ஒரு சிறுவனைக் கண்டால் முதலில் கேட்பது, "யார் வீட்டுப் பிள்ளை?" என்பதுதான்.

நம் மதரஸாவில் ஒரு மாணவன் இருந்தான். அவன் பாட்டனார் நாமக்கல் வட்டாரமெங்கும் மதிக்கப்பட்ட ஆலிம். ஒருநாள் பாடம் ஒப்புவிக்கத் தடுமாறினான். "ஆலிம்சா பேரன் இப்படியா ஓதுவது? அந்த மனிதரின் பெயரைக் கெடுக்கவா பிறந்தாய்?" என்று பிள்ளைகள் அனைவர் முன்னும் கடிந்தோம். அவன் தலை நிமிராமல், "அவரை நான் பார்த்ததே இல்லீங்க, ஹஜ்ரத்" என்றான்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. மறுநாள் அவனை அழைத்து ஆறுதல் கூற எண்ணினோம். வாய் திறந்தபோதுதான் தெரிந்தது, ஈராண்டாக அவனை 'ஆலிம்சா பேரன்' என்றே அழைத்து வந்திருக்கிறோம். அவன் பெயரை வருகைப் பதிவேட்டைப் புரட்டித்தான் அறிந்துகொண்டோம்.