உணவின் விலையும் உழைப்பவர் பாரமும்

ஆதிபகவன் மக்களுக்குக் கற்பித்த அறுதொழில்களுள் உழவும் ஒன்று. அத்தொழிலை வழிவழியாகக் கொண்ட தமிழ்ச் சமணராகிய நமக்கு, அறுவடைக்கு ஆள் கிடைக்காத வேதனையை எவரும் விளக்க வேண்டியதில்லை. அமெரிக்க நாட்டில் அவ்வேதனை சட்டத்தின் வாயிலாகவே வந்தது. அதில் அடங்கியுள்ள அறச்சிக்கலை இங்குச் சிந்திக்க விழைகிறோம்.

2011-ஆம் ஆண்டு மே மாதத்தில், அனுமதியின்றிக் குடியேறியோர்க்கு எதிரான கடுஞ்சட்டம் ஒன்று ஜார்ஜியா மாநிலத்தில் கையெழுத்தாயிற்று. வெங்காயமும் (நோன்புடையோர் விலக்கும் பொருளே ஆயினும்) பெர்ரிப் பழங்களும் பறிக்கும் பருவம் அது. சட்டம் நடைமுறைக்கு வருமுன்னரே தொழிலாளர் பலர் அஞ்சி அம்மாநிலத்தைத் தவிர்த்தனர். 11,000-க்கும் மேற்பட்ட பணியிடங்கள் நிரம்பவில்லை என மாநில வேளாண் துறையின் கணக்கெடுப்பு கூறியது. நன்னடத்தைக் கண்காணிப்பில் இருந்த குற்றவாளிகளை வயலுக்கு அனுப்பலாம் என்றார் ஆளுநர். சென்றவருள் பலர் வெயில் தாளாது திரும்பினர். விளைந்த காய்கள் வயலிலேயே அழுகின.

எனினும் இத்தகைய வேளைகளில் கடையில் விலை அஞ்சிய அளவு உயர்ந்துவிடுவதில்லை. ஒரு மாநிலத்தில் வரத்துக் குறைந்தால் பிற மாநிலங்களும் மெக்சிகோவும் அவ்விடத்தை நிரப்புகின்றன. வாங்குவோர் தரும் விலையில் பறித்தவர் கைக்குச் செல்வதோ சிறு பங்கே. எஞ்சியது வண்டிக்கும் குளிர்பதனக் கிடங்குக்கும் கடைக்கும் போகிறது. ஆகவே இழப்பு உழவர் தலையிலும் தொழிலாளர் தலையிலுமே பெரிதும் விழுகிறது.

‘இவர்களைத் துரத்தினால் காய்கறி விலை ஏறும், ஆதலால் துரத்தாதீர்’ என்று வாதிடுவோர் உளர். கருணை போல் தோன்றும் இவ்வாதத்தை நம்மால் ஏற்க இயலவில்லை. மலிவு கருதி ஒருவரை இருக்கவிடுவது அபயதானம் ஆகாது.

அரசின் விதியை மீறுதல் கள்ளாமை விரதத்தின் அதிசாரங்களுள் ஒன்று எனத் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் கூறுகிறது. எனவே அனுமதியின்றி எல்லை கடந்தவரைக் குற்றமற்றவர் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அதே அத்தியாயம் கொல்லாமை விரதத்தின் அதிசாரங்களுள் அதிபாராரோபணத்தையும், அதாவது அளவு மீறிப் பாரம் ஏற்றுதலையும், வைத்துள்ளது. எருதுக்குப் பொருந்தும் விதி மனிதருக்குப் பொருந்தாதா? அந்நாட்டில் கூலிக்குப் பயிர்த்தொழில் செய்வோருள் ஏறத்தாழ ஐவரில் இருவர் அனுமதியற்றவர். 1938-இல் இயற்றப்பட்ட நடுவண் தொழிலாளர் சட்டம், வயலில் உழைப்போருக்கு மிகைநேர ஊதிய உரிமையை இன்றளவும் வழங்கவில்லை. கூலி குறைந்தாலும் வெயிலில் மயங்கி வீழ்ந்தாலும், முறையிட்டால் நாடு கடத்தப்படுவோமோ என அஞ்சி அவர் வாய் திறவார். அவ்வச்சம் பாரத்தின் மேல் வைத்த பாரம். அறிந்தே அவரை வேலைக்கு அமர்த்துவதும் 1986 முதல் குற்றம்தான். ஆயினும் வயலில் கைதாகிறவர் பெரும்பாலும் பறிப்பவரே.

செய்தல், செய்வித்தல், உடன்படல் என்னும் மூன்றனுள் உண்பவர் பங்கு எது? பொழுது சாயுமுன் உண்ணும் நியமத்தை அந்நாட்டிலும் காத்துவரும் நம் பிள்ளைகள், தட்டிலுள்ள பழத்தைப் பறித்தவரையும் எண்ணிப் பார்த்தல் நலம்.

எச்-2ஏ அனுமதியின்படி முறையாக ஆள் வரவழைக்கும் வழியும் உண்டு. அண்மை ஆண்டுகளில் ஆண்டுதோறும் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பணியிடங்களுக்கு ஒப்புதல் தரப்பட்டது. கள்ளாமைக்கு இழுக்கில்லாத வழி இது. ஆனால் அவ்வாறு வருபவர் அழைத்த உரிமையாளரிடமே உழைத்தாக வேண்டும். நீங்கினால், வேறொருவர் முறைப்படி விண்ணப்பித்து ஏற்றாலன்றித் தங்கும் உரிமையும் நீங்கும். கொல்லாமையின் அதிசாரங்களைச் சொல்லும் சூத்திரம் அதிபாராரோபணத்துக்கு முன்னர், முதலாவதாக எண்ணுவது பந்தம், அதாவது கட்டி வைத்தல்.