அரசியின் மானமும் கறுவாவும்

1603-இல் மட்டக்களப்பில் ஒல்லாந்தக் கடற்படைத் துணைத்தளபதி செபால்ட் டி வீர்ட் கண்டி அரசன் விமலதர்மசூரியனின் ஆட்களால் வெட்டிக் கொல்லப்பட்டான். கூட வந்தவர்களில் ஐம்பது பேர் வரை மாண்டார்கள். ஏன் என்றால் கதை தயாராக இருக்கிறது: குடிவெறியில் அரசியைப் பற்றித் தகாத வார்த்தை சொன்னான், மானமுள்ள அரசன் பொறுப்பானா?

பெண்ணின் மானம் என்றதும் நம்மவர் வாய் அடைத்துப்போகிறது. அந்த அரசி யார் என்றுகூடக் கேட்பதில்லை. குசுமாசன தேவி, போர்த்துக்கேயர் வைத்த பெயர் தோனா கத்தரீனா. 1594-இல் அவளைக் கண்டியில் முடிசூட்டப் போர்த்துக்கேயப் படை வந்தது. அதைத் தந்துறையில் முறியடித்த விமலதர்மசூரியன், பிடிபட்ட யானைகளைப் போல அவளையும் கைப்பற்றினான். மணந்து தன் அரசுரிமைக்குச் சான்றாக்கிக்கொண்டான். இவன்தான் அவள் மானத்துக்காக வாளெடுத்தானாம்.

டி வீர்டும் உத்தமன் அல்லன். தென் அமெரிக்க முனையில், மகலன் நீரிணையில் பட்டினியோடு மாதக்கணக்கில் அலைந்து, தன் மாலுமிகளில் மூன்றில் ஒரு பங்கினரோடு ஊர் திரும்பியவன். அப்படியும் அடங்காமல், 1602-இல் பிறந்த ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் முதல் கப்பலணியில் வந்தான். கம்பனிக்குக் கறுவாவும் மிளகும் வேண்டும். அரசனுக்குப் போர்த்துக்கேயரை விரட்டப் பீரங்கி வேண்டும். வணிகத்தின் 'நட்பு' இவ்வளவுதான். ஆனால் பிடிபட்ட போர்த்துக்கேயக் கப்பல்களில் இருந்தவர்களுக்கு உயிர்ப் பாதுகாப்புத் தருவதாக டி வீர்ட் வாக்களித்திருந்தான், சொன்னபடியே விடுவித்தான். அரசன் கொதித்தது முதலில் அதற்காக. தகாத பேச்சு பிறகுதான்.

ஆக, டி வீர்ட் அங்கே செய்த ஒரே நல்ல காரியமே அவன் சாவுக்குக் காரணம். கதை சொல்கிறவர்கள் அதை விழுங்கிவிட்டு ஆபாசத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். சரணடைந்தவனைக் கொல்லாமல் விட்டது குற்றமா என்று கேட்டால், அரசனைப் புகழ்கிறவர் என்ன பதில் சொல்வார்?

கம்பனி பழிவாங்கியதா? 1612-இல் அடுத்த அரசன் செனரத்தோடு உடன்படிக்கை செய்தது. அவனும் அதே தேவியை மணந்தவன். 1638 மே மாதம் அவள் பெற்ற மகன் இரண்டாம் இராசசிங்கன், ஒல்லாந்தன் வெஸ்டர்வோல்டோடு சேர்ந்து மட்டக்களப்பின் புளியந்தீவில் இருந்த போர்த்துக்கேயர் கோட்டையைப் பிடித்தான். பிடித்த சில நாள்களிலேயே, மட்டக்களப்பிலேயே, கறுவா வணிகத்தின் ஏகபோகத்தை ஒல்லாந்தருக்கு எழுதிக் கொடுத்தான். தாயின் மானம் அப்போது பேச்சில் இல்லை. மட்டக்களப்பு வாவிக்கரையில் வயல் செய்தவனையும் வலை வீசியவனையும் 1603-இலும் யாரும் கேட்கவில்லை, 1638-இலும் கேட்கவில்லை.