நவராத்திரியும் மனைச் சிறுமியரும்

சிவமயம்

சைவப் பாடசாலை உபாத்தியாயர்களே! உபாத்தியாயினிகளே!

புரட்டாதியில் வரும் அமாவாசை கழிந்தபின் பிரதமை தொடங்கி நவமி ஈறாகவுள்ள ஒன்பது இரவுகளும் சத்தி வழிபாட்டுக்குச் சிறந்த புண்ணிய காலமென்பது நீவிர் நன்கறிந்ததே. வெயிலின் கடுமை தணிந்து, வடகீழ்ப் பருவக்காற்று மழையைக் கொணர முற்படும் சரற்காலத்தின்கண் வருதலின் இதனைச் சாரதா நவராத்திரி என வழங்குவர். வயல்களிலே காலபோக விதைப்பு நடைபெறுவதும், பாடசாலைகளிலே தவணை வேலை மிகுவதும் இக்காலத்திலேயாம். ஆதலின் சிறு பெண்மக்களையுடைய மனைகளில் ஆண்டு முழுவதினும் அலுவல் மிக்க வாரம் யாதெனின், இந்நவராத்திரி வாரமே என்னலாம். அவ்வாரத்தை நம் சிறுமியர்க்கு எவ்வாறு பயனுடையதாக்குவது என்பதைக் குறித்துச் சில சொல்ல விரும்புகின்றேம்.

முதலில் அவ்வாரம் கழியும் வகையை நோக்குவோம். பிரதமைக்கு முன்னரே வீடு முழுதும் கழுவித் துடைக்கப்படும். சுவாமியறையிலே நவதானியம் பரப்பி, நிறைகுடத்தின்மேல் மாவிலையுந் தேங்காயும் அமைத்துக் கும்பம் வைக்கப்படும். வைகறையிலே மூத்த மகள் முற்றத்தைக் கூட்டி நீர் தெளித்துக் கோலமிடுவாள். இளையவள் செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் அலரியுங் கொய்து மாலை கட்டுவாள். தாய் அவலும் கடலையும் மோதகமும் நிவேதனத்துக்கு ஆயத்தஞ் செய்வாள். இவற்றினிடையே இரட்டைப் பின்னல் பின்னி, வெள்ளைச் சீருடை உடுத்துப் பிள்ளைகள் பாடசாலைக்குச் செல்லல் வேண்டும். அங்கும் வகுப்புக்கு ஒருநாளாக முறைவைத்துப் பூசை நடைபெறும். பேச்சு, பண்ணிசை, கோலம், மாலை கட்டுதல் எனப் போட்டிகளும் உண்டு. பிற்பகலிலே மேலதிக வகுப்பு. இரவிலே வீட்டுப் பூசை. குமரகுருபர சுவாமிகள் அருளிய சகலகலாவல்லி மாலையின் பத்துப் பாட்டுக்களையும் பாடி முடித்தபின்னரே சுண்டல் கைக்கு வரும். பகலில் மழை பெய்யின் துவைத்த சீருடை உலராது. அது வேறொரு கவலை. பத்தாம் நாளாகிய விசயதசமியிலே ஏடு தொடக்கலும், கோயிலிலே வாழை வெட்டும் மானம்பூத் திருவிழாவும் நிகழும். அவை முடிந்து மூச்சு விடுமுன் ஐப்பசி அமாவாசையில் நிறைவெய்தும் 21 நாட் கேதாரகௌரி விரதமும், அதன்பின் கந்தசட்டி ஆறு நாளும் அடுத்து வரும்.

இவ்வேலைகள் யாவும் நல்லனவே. ஆயினும் ஒன்று கேட்கின்றேம்: இவ்வளவும் வழிபாடாகின்றனவா? ஏழாம் நாளிரவு பாட்டு முடியுமுன்னே சிறியவள் தமக்கையின் மடியிலே துயில்கின்றாள். மூத்தவள் மறுநாட் பேச்சைப் பாராமற் சொல்ல முயன்று இடையிலே தடுமாறுகின்றாள். தாய் அடுப்படியினின்று கடிந்து கூவுகின்றாள். அச்சிறுமியை நோக்கி, "பிள்ளாய், இன்று எந்தத் தேவியைப் பூசித்தாய்?" என்று வினவின், அவள் விழிக்கின்றாள். கை ஓயாது வேலை செய்தது; கருத்து அங்கு இருக்கவில்லை. அஃது அவள் குற்றமன்று. கருத்து நிற்பதற்கு நாம் அவளுக்கு இடந் தந்திலேம்.

சைவசித்தாந்தம் சரியை, கிரியை, யோகம், ஞானமென வழி நான்கு கூறும். அவற்றுள் முதலதாகிய சரியை உடம்பினாற் செய்யப்படுந் தொண்டு. கூட்டுதலும் மெழுகுதலும் பூக்கொய்தலும் மாலை தொடுத்தலும் விளக்கிடுதலும் சரியையாம். இத்தொண்டுக்கு எடுத்துக்காட்டாக நாம் போற்றுபவருள் முதன்மையானவர் திலகவதியார். திருவதிகை வீரட்டானத்திலே நாடோறும் அலகிட்டு மெழுகி மாலை தொடுத்து அவர் செய்த பணி, தம்பியாராகிய மருணீக்கியாரைத் திருநாவுக்கரசராக்குதற்கு வழியாயிற்று. அவர் கைக்கொண்ட துடைப்பமும் நம் மனைகளில் உள்ள துடைப்பமும் ஒருவகைப் பொருளே. யாருக்காகச் செய்கின்றோமென்னும் அறிவும் அன்பும் உடனிருத்தலால் அது தொண்டாயிற்று. அவை இல்வழி அது வெறுங் கூலியில்லா வேலையாம். ஆதலின் மகளுக்கு ஒரு வேலையைக் கொடுக்கும்போது அதன் காரணத்தையும் உடன் கொடுத்தல் வேண்டும். பூவைக் கொய்யெனச் சொல்லுமுன் அப்பூ எவர் திருவடிக்கென்று சொல்லுதற்கு அரை நிமிடமே செல்லும். அவ்வரை நிமிடம் அவ்வாரம் முழுவதையும் மாற்றும்.

இனி, நவராத்திரியின் முதன் மூன்று நாளும் துர்க்காதேவிக்கும், இடை மூன்று நாளும் இலக்குமிக்கும், கடை மூன்று நாளும் சரசுவதிக்கும் உரியன. வீரமும் செல்வமும் கல்வியும் வேண்டி இவ்வாறு வழிபடுகின்றோம். யாருக்கு இவற்றை வேண்டுகின்றோமென்று நம் நெஞ்சை நாமே வினவுதல் தகும். மைந்தனுக்கு மட்டுமா? மகளுக்கும் வேண்டுகின்றோமாயின், பூசை முடிந்தபின் நம் நடக்கையும் அதற்கு ஒத்திருத்தல் வேண்டும்.

துர்க்கையை வழிபடும் மனையிலே பெண்பிள்ளை அஞ்சி ஒடுங்கி வளர்தல் பொருந்தாது. மகிடாசுரனைச் செற்றவள் பெண்ணுருக் கொண்டவளே. தன்னைத் தீண்டித் துன்புறுத்துவானைக் கண்டு உரத்துக் கூவவும், நிகழ்ந்ததைத் தாயிடத்தும் ஆசிரியையிடத்தும் கூசாது உரைக்கவும் சிறுமி அறிந்திருத்தலே இம்மூன்று நாளின் பாடமாம். சொல்லிய பிள்ளையைக் கடியாது நம்புதல் நமக்குரிய பாடம். தெல்லிப்பழைத் துர்க்காதேவி தேவத்தானத்தை வளர்த்த சிவத்தமிழ்ச்செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி அம்மையார் (1925–2008) ஆசிரியையாகப் பணியாற்றியவர். ஆதரவற்ற சிறுமியர்க்கென இல்லமொன்றையும் அக்கோயிற் சார்பிலே நடத்தினார். துர்க்கை வழிபாடு பெண்மக்களுக்கு அரணாதல் வேண்டுமென்பதை அவர் வாழ்விற் காணலாம்.

திருமகளைப் பூசிக்கும் மனையிலே மகளைச் சுமையென எண்ணுதலும் பொருந்தாது. யாழ்ப்பாணத்துத் தேசவழமை 1707 ஆம் ஆண்டிலே ஒல்லாந்தர் ஆட்சியில் எழுத்திலே தொகுக்கப்பட்டது. அதன்படி சீதனமென்பது மகளுக்கெனக் கொடுக்கப்படும் பெண்ணின் சொத்து. அது மணமகன் வீட்டார் கேட்கும் விலையாகத் திரிந்தமையாலன்றோ, பெண்குழவி பிறந்தவுடன் தந்தை பெருமூச்செறிகின்றான்? அம்மூச்சைச் சிறுமி கேட்டு வளர்கின்றாளென்பதை மறவாதொழிக. இலக்குமிக்குரிய நாட்களில் பூசைச் செலவைச் சிறுமியைக் கொண்டே எழுதுவிக்க. காசின் அருமையை அவள் அறியட்டும். "உன்னால் இவ்வீடு நிறைந்தது" என்று ஒருமுறையேனும் அவள் காதிலே சொல்லுக.

சரசுவதி பூசையன்று நூல்களைக் கும்பத்தின் முன் அடுக்கி வைத்து அன்று படியாதிருத்தல் நம் வழக்கம். மறுநாள் விசயதசமியிலே அவற்றை எடுத்து மீளப் படிக்கத் தொடங்குகின்றோம். இவ்வழக்கிலே பேரறிவு இருக்கின்றது. கல்விக்கு ஓய்வும் வேண்டும். ஓய்ந்த உள்ளமே புதியதைப் பற்றும். ஏடு தொடக்கலிலே ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அரிசியும் ஒரே எழுத்துமே. பெண்மக்கள் சைவச் சூழலிலே உயர்கல்வி பெறுதற்கென 1913 ஆம் ஆண்டிலே சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள் மருதனார்மடத்திலே கல்லூரி நிறுவியதும் இக்கருத்துப் பற்றியே. அன்று அரிதாயிருந்தது இன்று ஊர்தோறும் எளிதாயிற்று. ஆயினும் வீட்டு வேலை மிகுந்த நாளிலே, "நீ இன்று பாடசாலைக்குச் செல்லவேண்டாம்" என்று நிறுத்தப்படுபவள் இன்னும் மகளேயாயின், நாம் சரசுவதியை முற்றும் பூசித்தோமாகோம்.

இவ்விடத்துக் குமாரி பூசையையும் நினைதல் வேண்டும். இரண்டு வயது முதற் பத்து வயது வரையுள்ள சிறுமியரைக் குமாரி, திரிமூர்த்தி, கல்யாணி, ரோகிணி, காளி, சண்டிகை, சாம்பவி, துர்க்கை, சுபத்திரை எனப் பெயரிட்டுத் தேவியாகவே பாவித்து, பாதங் கழுவி, ஆடை அளித்து, அமுதூட்டுதல் மரபு. மாலையிலே தேவியென்று பாதங் கழுவப்பட்டவள், அன்றிரவே தமையன் உண்டெழுந்த கலத்தைக் கழுவ அனுப்பப்படுகின்றாள். தமையனோ கால் நீட்டி இருக்கின்றான். கலங் கழுவுதல் இழிவன்று. அவனும் உடன் கழுவுதலே முறை. தண்ணீர் அள்ளுதல், வாழை நடுதல், தோரணங் கட்டுதல், பாத்திரம் விளக்குதல் என்பவற்றிலே மைந்தர்க்கும் பங்கு கொடுக்க. தந்தையும் ஒருநாள் மோதகம் பிடிக்கக் கற்றுக்கொள்வாராயின், தாயின் கூவல் பாதி அடங்கும். சிறியவள் பாட்டு முடியும்வரை விழித்திருப்பாள்.

மற்றொன்று சொல்லாது விடுதற்கில்லை. 1983 முதல் 2009 வரை நிகழ்ந்த போரினாலே கணவனை இழந்து, மக்களைத் தனியே வளர்த்த தாய்மார் நம் ஊர்களிலே பலர். நோயினாலும் விபத்தினாலும் அந்நிலை எய்தினோரும் உளர். மங்கலமன்று எனக் கருதி அவர் கும்பத்தண்டை வாராது ஒதுங்கி நிற்பதும், அயலார் அதனை இயல்பெனக் கொள்வதும் உண்டு. அதனைக் கண்டு நிற்குஞ் சிறுமியின் உள்ளம் யாதாகும்? தன்னை ஈன்று வளர்த்தவள் தேவியின் சந்நிதிக்கு ஆகாதவளென்று அவள் கற்கின்றாள். திலகவதியார் தமக்கென நிச்சயிக்கப்பட்ட கலிப்பகையார் போரிலே மாண்டமை கேட்டும், தம்பியார் பொருட்டு உயிர் தாங்கித் தனியே வாழ்ந்தவர். அவர் கையால் அளித்த திருநீறே நாவுக்கரசர்க்கு மருந்தாயிற்று. அக்கையை மங்கலமென்று போற்றும் நாம், நம் அயலிலுள்ள தாயின் கையை விலக்குதல் எவ்வாறு தகும்? அத்தாயே தன் மகளின் கைப்பற்றிக் கும்பம் வைப்பாளாக. ஆசிரியராகிய நீவிர் அம்மனைக்கு ஒருநாட் பூசைக்குச் செல்வீராயின், ஊர் வாயும் அடங்கும்.

உபாத்தியாயர்களே, பாடசாலையில் நீவிர் செய்யத்தக்கன சிலவற்றையுங் கூறுவோம். ஒரே சிறுமியைப் பேச்சுக்கும் பாட்டுக்கும் நடனத்துக்கும் நிறுத்தாது, வகுப்பிலுள்ள பலர்க்கும் பங்கிடுக. குரல் மெலிந்தவளும் விளக்கேற்றலாம். பூசைக்குப் பணமோ பொருளோ கேட்கும்போது இன்னது கொணர்கவென்று விதியாதிருக்க. கொடுக்க இயலாத பிள்ளை பூசையன்று வயிற்றுநோவென்று வீட்டில் நிற்பாள். அவள் முற்றத்துப் பூவொன்று கொணரினும் நிவேதனத்துக்கு நிகராகவே ஏற்க. புத்தாடையில்லாதாள் பின்வரிசைக்குத் தள்ளப்படாது காக்க. அவ்வாரத்திலே சோதனையையும் மிகுதியான வீட்டு வேலையையும் தவிர்க்க. காலையிலே உறங்கி விழும் பிள்ளையைத் தண்டியாது அருகழைத்து, எத்தனை மணிக்கு எழுந்தாளென்று வினவுக. அவ்விடையிலே அவள் மனையின் நிலை முழுதும் விளங்கும். பெற்றோரைக் காணும்போது பரிசுகளைப் பற்றிச் சொல்லுவதோடு இதனையும் மெல்ல எடுத்துரைக்க.

உங்களுள் உபாத்தியாயினிகளாய், தாய்மாருமாய் இரு சுமை தாங்குவோர்க்கு ஒரு சொல்: ஒன்பது நாளும் ஒன்பது வகை நிவேதனம் இயலாதாயின், அவலும் சருக்கரையும் போதும். தேவி பண்டங்களை எண்ணுபவளல்லள். அடுப்பை விட்டு வந்து மகளோடு இருந்து, ஒரு பாட்டை அவள் பொருளறிந்து பாடும்படி கற்பித்தலே அந்நாளின் பெரிய நிவேதனமாகும். பத்து வகைப் பலகாரத்தை அவள் மறப்பாள்; தாய் தன் அருகிருந்து பாடிய இரவை மறவாள். பின்னொரு காலம் தன் மகளைத் தன்னருகே இருத்துவாள். சைவம் ஒரு தலைமுறையினின்று மறு தலைமுறைக்குச் செல்லும் வழி இதுவேயாம்.

அலுவல் மிக்க வாரம் ஆண்டுதோறும் வரும். அதனைக் குறைத்தல் நம்மால் முற்றும் ஆகாது. அவ்வலுவலிலே நம் சிறுமியரின் கை மாத்திரம் வேண்டப்படுகின்றதா, அவர் உள்ளமும் மதிக்கப்படுகின்றதா என்று நோக்குதல் நம்மாலாகும். கும்பத்திலே எழுந்தருளும் தேவியை வணங்குவோர், அதன் அருகே உறக்கக் கண்ணோடு இருக்கும் அவள் வடிவத்தையும் கண்டு கொள்வாராக. உமையொருபாகனாகிய பரமசிவன் திருவருள் அதற்குத் துணைபுரிவதாக.

திருச்சிற்றம்பலம்.