ஊரின் அடையாளம் யாருக்குப் பட்ட கடன்?

1886 அக்டோபர் 28 அன்று நியூயார்க் துறைமுகத்தில் சுதந்திர தேவி சிலையைத் திறந்துவைத்தார்கள். மறுநாள், அக்டோபர் 29 அன்று, பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்புவதற்கான 999 ஆண்டுக் குத்தகை திருவிதாங்கூர் அரசுக்கும் ஆங்கிலேய அரசுக்கும் இடையே கையெழுத்தானது. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் தொடர்பு எதுவும் இல்லை. ஆனாலும் இன்று அந்தச் சிலைதான் நியூயார்க்கின் முகம். அந்தக் குத்தகையால் எழுந்த முல்லைப் பெரியாறு அணை தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்குக்குச் சாமிக்குச் சமம். மனிதக் கை கட்டிய ஒன்று எப்படி ஓர் ஊருக்கே அடையாளமாகிறது, சில இடங்களில் கும்பிடவும் படுகிறது? உயரம், அழகு, புகழ் என்று பதில் சொல்வது எளிது. அவை கண்ணை இழுக்கும், அவ்வளவுதான். ஒரு கட்டடத்தை அடையாளமாக்குவது, அதன் பேரில் மக்கள் ஒப்புக்கொள்ளும் நன்றிக்கடன் என்பதே இக்கட்டுரையின் வாதம். கடன் என்று வந்துவிட்டால், யாருக்கு என்ற கேள்வியும் கூடவே வரும்.

கல்லில் புனிதம் நிரந்தரமாகக் குடியிருப்பதாக நம் கோயில் மரபே கருதவில்லை. திருப்பணி தொடங்கும் முன் பாலாலயம் செய்து, மூலவரின் சாந்நித்தியத்தைக் கலசத்துக்கோ அத்திப் பலகையில் வரைந்த உருவத்துக்கோ மாற்றிவிடுகிறார்கள். சாரம் கட்டிய கோபுரம் அதே உயரத்தில்தான் நிற்கும். தீபாராதனை மட்டும் பலகைக்கு நடக்கும். வேலை முடிந்து குடமுழுக்கு ஆனபிறகே சாமி திரும்புவார். அந்தக் குடமுழுக்கையும் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்ய வேண்டும் என்பது வழக்கம். அதாவது, கட்டியதோடு முடிவதில்லை. ஏற்றுக்கொண்டதைத் தலைமுறைதோறும் புதுப்பிக்க வேண்டும். சுதந்திர தேவி சிலைக்கும் இதுவே நடந்தது. பிரான்ஸ் நாட்டவர் அதைக் குடியரசின் சின்னமாக, காலடியில் அறுந்த சங்கிலியோடு வடித்தார்கள். பீடத்துக்கான பணத்தில் ஒரு பங்கு, ஒரு டாலருக்கும் குறைவாகக் கொடுத்த சாமானியர் உட்பட லட்சத்துக்கும் மேற்பட்டோரிடமிருந்து வந்தது. 1892இல் பக்கத்து எல்லிஸ் தீவில் குடியேற்ற நிலையம் திறந்தபின், கப்பலில் வந்திறங்கியவர்கள் தங்கள் புதுவாழ்வுக்கான நன்றியை அந்தச் சிலையின் கணக்கில் எழுதிக்கொண்டார்கள். சிற்பி நினைத்த பொருள் பின்னுக்குப் போய், வந்தவர்கள் கொடுத்த பொருளே நிலைத்தது.

தேனி மாவட்டத்தில் இதை இன்னும் பச்சையாகப் பார்க்கலாம். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சம் தென்மாவட்டங்களைக் காயவைத்த பிறகே பெரியாறு திட்டம் வேகம் பிடித்தது. பொறியாளர் பென்னிகுயிக் தலைமையில், சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த கலவையால், காட்டாற்று வெள்ளத்துக்கும் மலேரியாவுக்கும் நடுவே கட்டிய அணை 1895இல் திறக்கப்பட்டது. வறண்ட நிலம் வயலானது. டீக்கடையில் சாமி படங்களோடு அந்த ஆங்கிலேயப் பொறியாளரின் படமும் மாலையோடு தொங்குகிறது; அவர் பிறந்தநாளான ஜனவரி 15 அன்று பொங்கல் வைக்கிறார்கள்; பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைத்தவர்களும் உண்டு. லோயர் கேம்ப்பில் அரசு மணிமண்டபம் திறந்தது 2013இல்தான். சனங்கள் அதற்கு வெகு காலம் முன்பே அவரை வீட்டுக்குள் அழைத்துவிட்டார்கள். எந்த ஆகமமும் இதற்கு விதி சொல்லவில்லை.

இதற்கு இரண்டு மறுப்புகள் உடனே எழும். அவர் சம்பளத்துக்கு வேலை செய்த அதிகாரி, அரசாங்கம் பார்த்தது வரி வருமானத்தை, இதில் நன்றிக்கு என்ன இடம் என்பது ஒன்று. உதவியின் அளவைச் செய்தவரின் கணக்கு தீர்மானிப்பதில்லை, பெற்றவரின் பண்பே தீர்மானிக்கிறது என்று வள்ளுவர் எப்போதோ வழிகாட்டிவிட்டார். மற்றொன்று, மனிதன் தன் கைவேலையைத் தானே வணங்குவது அகந்தை என்னும் சமயவாதம். அணை நிற்கும் இடுக்கி மலையெங்கும் தேவாலயங்கள் உண்டு. அங்கே பாபேல் கோபுரத்தின் கதையை அறியாதவர் இல்லை. ஆனால் அந்தக் கதையில் கோபுரம் கட்டியவர்கள் விரும்பியது தங்களுக்கொரு பேர் உண்டாக்கிக்கொள்வதை. நன்றிக்காக நிற்கும் கட்டடம் இன்னொருவரின் பேரைச் சொல்கிறது. முன்னது அகந்தை, பின்னது பணிவு.

மூன்றாவது மறுப்புதான் கனமானது. கிழக்கே தெய்வமான அதே அணை, மேற்கே வண்டிப்பெரியாற்றிலும் உப்புத்தறையிலும் ஆற்றோரம் வாழ்பவர்களுக்கு மழைக்காலப் பயம். நீர்மட்டம் 1979இல் 136 அடிக்குக் குறைக்கப்பட்டதும், உச்ச நீதிமன்றம் 2006இலும் மீண்டும் 2014இலும் 142 அடி வரை அனுமதித்ததும் தமிழ்நாடு, கேரளம் இரு மாநிலத்துக்கும் மனப்பாடம். ஒரே கல்லை ஒருவர் கும்பிட, இன்னொருவர் அஞ்சினால், அது அடையாளம்தானா? அடையாளம்தான், ஆனால் பாதி. அணை பலமாக இருக்கிறது என்ற நிபுணர் அறிக்கை நீதிமன்றத்துக்குப் போதும். நன்றி சொல்பவனுக்கு அது போதாது. தன் வயலுக்கு வரும் நீர் எவருடைய தலைக்கு மேல் தேங்கி நிற்கிறதோ, அவருடைய அச்சத்தையும் தன் கடனில் சேர்க்காதவரை அந்த நன்றி வெறும் உரிமைக் கோஷமாகிவிடும்.

கணக்கில் விடுபட்டவர்களைச் சேர்க்க முடியும் என்பதற்குக் குறவன், குறத்தி மலைகளுக்கு நடுவே வளைந்து நிற்கும் இடுக்கி ஆர்ச் டேம் ஒரு சான்று. சுமார் 169 மீட்டர் உயரம்; கனடா உதவியோடு கட்டி, 1976இல் இந்திரா காந்தி தொடங்கிவைத்தது. அந்த இடத்தை வெளியாருக்குக் காட்டியவர் பழங்குடியினரான கொலும்பன். அவருக்கு அணைக்கருகே நினைவிடம் உண்டு. அவர் இனத்தார் இழந்த காட்டுக்கு ஒரு சிலை ஈடாகாது என்றாலும், பேராவது நிற்கிறது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 1965இல் முடிந்த 630 அடி வளைவு, மேற்கு நோக்கிய குடியேற்றத்தைக் கொண்டாடவே எழுந்தது. அதற்காக ஆற்றங்கரையில் சுமார் நாற்பது பிளாக் கட்டடங்கள் இடிக்கப்பட்டன; அந்தக் குடியேற்றத்தால் நிலமிழந்த பூர்வகுடிகளுக்கு அதில் கொண்டாட என்ன இருக்கிறது? பார்த்ததும் இது எந்த ஊர் என்று சொல்லிவிடலாம். அந்த ஊர் யாருக்குக் கடன்பட்டது என்பதை வளைவு சொல்வதில்லை.

அதே இடுக்கி மாவட்டத்தின் சாந்தன்பாறைக்கு வருவோம். 2022இல் கள்ளிப்பாறையில் பூத்த நீலக்குறிஞ்சி ஊரின் பேரை எங்கெங்கோ கொண்டுபோனது. குறிஞ்சி மனிதர் வைத்ததல்ல. மனிதர் கட்டியதில் கண்ணில் படுவது, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள ஆனையிறங்கல் மண் அணை. அது தேக்கும் நீர் பன்னியாறு மின்திட்டத்துக்கு; அது கிடப்பதோ யானைகள் நடமாடும் பூமியில். இந்த மலையின் ஏலக்காட்டை வளர்ப்பது, போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் விடியுமுன் ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்து போடிமெட்டு ஏறிவந்து, களையெடுத்து, காய் பறித்து, பொழுது சாயும்போது இறங்கிப்போகும் பெண்கள். அவர்கள் பெயரில் இங்கே ஒரு கல்லும் இல்லை. அணையை அடையாளமாக்கும் எவரும் யானைக்கும் பதில் சொல்ல வேண்டும். ஏலத்தை அடையாளமாக்கும் எவரும் அந்த ஜீப்பை விட்டுவிட முடியாது. ஊருக்கு ஒரு சின்னம் வேண்டும் என்று கேட்பவர்கள், எது உயரம், எது அழகு என்று தேடுவதை விட்டுவிட்டு, ஊர் யாருக்கெல்லாம் கடன்பட்டிருக்கிறது என்று முதலில் ஒரு பட்டியல் போடட்டும். சின்னத்தைப் பிறகு கட்டலாம்.