குடும்பத்தோட பாக்கலாமா?

ஒரு காமெடிப் படத்தைப் பற்றி இப்படிக் கேட்பவர்கள், இரட்டை அர்த்த வசனம் இருக்கிறதா என்றுதான் பெரும்பாலும் கேட்கிறார்கள். மாமனாரும் மருமகளும் உட்கார்ந்திருக்கும் கூடத்தில் ஏடாகூடமாக ஒரு வசனம் வந்து விழ, ஆளாளுக்குச் செல்போனை எடுத்துக் குனிந்துகொள்ளும் சங்கடம் நேரக்கூடாது. அவ்வளவுதான். 'இருட்டு அறையில் முரட்டு குத்து' (2018) மாதிரிப் படங்களில் அந்தச் சிக்கலே இல்லை. தலைப்பே சொல்லிவிடுகிறது, 'ஏ' சான்றிதழ் வேறு. மற்றவற்றுக்குச் சான்றிதழ் அரைகுறைத் துணைதான். 2023 சட்டத் திருத்தத்தில் 'யுஏ' பிரிவை 7, 13, 16 என்று வயதுவாரியாகப் பிரித்தார்கள். நல்ல காரியம். ஆனால் வயது மட்டுமா கணக்கு?

'பஞ்சதந்திரம்' (2002) கதையை ஒரு வரியில் சொன்னால் எந்தப் பாட்டியும் சேனலை மாற்றச் சொல்வார். ஐந்து நண்பர்கள், பெங்களூர் ஓட்டல், ஒரு விலைமாது, ஒரு 'பிணம்'. ஆனாலும் டிவியில் வரும்போதெல்லாம் எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையும் சிரிக்கிறது. கிரேசி மோகன் வசனத்தில் அடி வாங்குவது அந்த ஆண்களின் அசட்டுத்தனம். பொய்க்கு மேல் பொய் சொல்லி அவர்கள் முழி பிதுங்குவதைக் குழந்தைகள் ரசிக்கின்றன. விவகாரம் பிள்ளைகளுக்குப் புரிவதில்லை.

'சிவாஜி' (2007) வந்தால் யாரும் ரிமோட்டைத் தேடுவதில்லை. அதில் சாலமன் பாப்பையாவின் மகள்களாக இரண்டு பெண்கள், முகத்தில் கரியை அப்பியது போன்ற மேக்கப்போடு வருவார்கள். அங்கவை, சங்கவை. (பாரி மகளிரின் பெயர்தான் கிடைத்ததா?) அவர்கள் கறுப்பு, அதைப் பார்த்துக் கதாநாயகன் மிரள்கிறார் என்பதுதான் மொத்த ஜோக்கும். எங்கள் வீட்டிலேயே நல்ல கறுப்பு என் அக்கா மகள். அந்தக் காட்சிக்கு எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பவள் அவள்தான். அந்தச் சிரிப்பைக் கேட்க எனக்குப் பிடிப்பதில்லை. இரட்டை அர்த்தம் ஒன்பது வயதுப் பையனின் தலைக்கு மேலே போய்விடும்; பட்டப்பெயர் மறுநாள் காலை அவனோடு ஸ்கூல் வேன் ஏறும்.

இப்படிப் பார்த்தால் கவுண்டமணி-செந்தில் பாதி காலியாகிவிடும் என்று என் தம்பி சண்டைக்கு வருவான். எனக்கும் அவர்களை விட மனசில்லை. 'கரகாட்டக்காரன்' (1989) வாழைப்பழக் காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். உதை வாங்குவது செந்தில்தான். ஆனால், இன்னொரு பழம் எங்கே என்று கேட்டால், அந்த இன்னொன்றுதான் இது என்று அவர் சாதித்துவிடுகிறார். கேள்வி கேட்ட கவுண்டமணி தொண்டை கிழியக் கத்தி ஓய்ந்துபோகிறார். அதை எத்தனை தடவையும் குடும்பத்தோடு பார்க்கலாம். அதே ஜோடி வேறு படங்களில் தலையையும் உடம்பையும் சொல்லி வசவில் இறங்கும்போது நான் சேனலை மாற்றிவிடுகிறேன். வீட்டில் இதற்கு ஒரு ஓட்டுகூட விழுவதில்லை.