பழகிக்கோ

ராத்திரி இரண்டு மணி. ஈப்போ புந்தோங் பக்கத்தில் நான் குடியிருக்கும் அடுக்குமாடியில் அந்த நேரத்துக்குத்தான் சத்தம் அடங்கும். கீழே ஒட்டுக்கடையில் நாற்காலிகளை அடுக்கிவிட்டுப் போயிருப்பார்கள். புகைக்குழாயை மாற்றிய மோட்டார் ஒன்றிரண்டு மட்டும் சாலையில் அலறிக்கொண்டு போகும். பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள். அப்போதுதான் என் காதுக்குள் இருக்கும் சத்தம் நன்றாகக் கேட்கத் தொடங்கும். சில்வண்டு கத்துவதுபோல், விடாமல், ஒரே சுருதியில். சில்வண்டாக இருந்தால் விடிந்ததும் நின்றுவிடும். இது நாலு வருடமாக நிற்கவில்லை.

டாக்டர்கள் இதை டின்னிடஸ் என்கிறார்கள். வெளியில் ஒலி எதுவும் இல்லாமலே காதிலோ தலைக்குள்ளோ கேட்கும் இரைச்சல். எனக்கு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. மற்றவர்களுக்குச் சாதாரணமாக இருக்கும் சத்தம் எனக்குத் தாங்க முடியாமல் போனது. அதற்கு ஹைபராகுசிஸ் என்று பெயர். சில்வர் தட்டில் கரண்டி விழுந்தால் காதில் ஊசி ஏற்றியதுபோல் இருக்கும். தீபாராதனைக்கு மணி அடிக்கும்போது எல்லோரும் கைகூப்புவார்கள். நான் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுவேன்.

அனுதாபம் கேட்டு இதை எழுதவில்லை. இந்த நோய் வந்த பிறகு ஒரு பழைய வார்த்தை என்னிடம் திரும்பி வந்தது. முன்பு நான் என் பாட்டியிடம் சொன்ன வார்த்தை அது. அதைப் பற்றித்தான் உங்களோடு பேச வேண்டும்.

பாட்டி சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பால் வெட்டி, அங்கேயே கிழவியானவர். இருட்டிலேயே பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் இறங்குவார்களாம். விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக இறங்கும், வெயில் ஏறினால் குறைந்துவிடும் என்பதால் அந்த அவசரம். அந்த நேரத்தில் தோட்டத்தில் கேட்கும் சத்தங்களைப் பாட்டி விரல்விட்டு எண்ணிச் சொல்வார். கத்தி மரப்பட்டையைச் சீவுவது. காட்டுக்கோழி கூவுவது. பக்கத்து நிரையில் யாரோ இருமுவது. வெயில் நாளில் ரப்பர் காய் 'படார்' என்று வெடித்து, விதை சருகின் மேல் விழுவது. "காய் வெடிச்சாகூட வேலைய நிறுத்திட்டுத் திரும்பிப் பாப்போம் சாமி, அவ்ளோ அமைதி" என்பார்.

பிறகு ரப்பர் மரங்களை வெட்டிவிட்டுச் செம்பனை போட்டார்கள். சில இடங்களில் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. பேராக்கில் எத்தனையோ குடும்பங்கள் லயத்து வீட்டைக் காலி செய்து பட்டணத்துக்கு வந்த கதைதான் எங்கள் கதையும். பாட்டி அடுக்குமாடி வீட்டின் இரண்டாவது மாடிக்கு வந்து சேர்ந்தார்.

எனக்குப் பத்தொன்பது வயதானபோது உறுமி மேளக் குழுவில் இருந்தேன். உறுமியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது எழும் உறுமல் நெஞ்சுக்குள் இறங்கும். அதை வாசித்தவனுக்குத்தான் அந்தச் சுகம் தெரியும். தைப்பூசத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே கார் நிறுத்துமிடத்தில் பயிற்சி தொடங்கிவிடும். பத்துப் பன்னிரண்டு பேர், பக்கத்திலேயே ஒலிபெருக்கி, ராத்திரி பதினோரு மணிவரை.

ஒருநாள் பாட்டி படியிறங்கி வந்தார். "சாமி, கொஞ்சம் மெதுவா அடிக்கக் கூடாதா? மண்டைக்குள்ள போவுதுடா."

கூட்டாளிகள் முன்னால் எனக்கு வெட்கமாகிவிட்டது. "இது தோட்டம் இல்ல பாட்டி, டவுனு. பழகிக்கோ" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். பாட்டியும் சிரித்துக்கொண்டே மேலே போய்விட்டார். அதன்பிறகு அவர் கேட்டதே இல்லை.

அவர் காலமான பிறகு அவருடைய வெற்றிலைப் பெட்டியைத் திறந்தேன். பாக்குக்குப் பக்கத்தில் சின்னச் சின்னப் பஞ்சு உருண்டைகள் இருந்தன. எதற்கு என்று அம்மாவைக் கேட்டேன். "நீ மேளம் அடிக்கிறப்ப காதுல வச்சுக்குவாங்க" என்றார்.

என் காது கெட்டதற்கு நான் யாரையும் குறை சொல்ல முடியாது. ஏழு வருடம் உறுமி, அதற்குப் பிறகு இயந்திரங்களுக்கு நடுவில் வேலை. உட்காதில் நத்தைக்கூடு போன்ற ஒரு பகுதி இருக்கிறது. அதில் ஏறக்குறைய 15,000 மயிரணுக்கள் இருக்கின்றன. ஒலியைப் பிடித்து மூளைக்கு அனுப்புவது அவைதான். பெருஞ்சத்தத்தில் அவை செத்தால் மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை. காதிலிருந்து வரும் செய்தி குறையும்போது மூளை தன் வால்யூமைத் தானே கூட்டிக்கொள்கிறது, அப்போது எழும் இரைச்சல்தான் டின்னிடஸ் என்பது இன்று மருத்துவர்கள் சொல்லும் முக்கியமான விளக்கம். 2022-இல் வெளியான ஓர் உலகளாவிய ஆய்வுத் தொகுப்பின்படி, வயது வந்தவர்களில் சுமார் 14 விழுக்காட்டினருக்கு, அதாவது 74 கோடிக்கும் அதிகமானவர்களுக்கு, இது ஏதாவது ஓர் அளவில் இருக்கிறது.

நம் நாட்டில் 2019-இல் வந்த விதிமுறைப்படி, வேலையிடத்தில் ஒரு தொழிலாளியின் காதில் விழும் இரைச்சல் எட்டு மணி நேரக் கணக்கில் 85 டெசிபலைத் தாண்டக் கூடாது. 3 டெசிபல் கூடும் ஒவ்வொரு முறையும் பாதுகாப்பான நேரம் பாதியாகும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. அப்படியானால் 100 டெசிபலுக்கு கால் மணி நேரம்தான். வேலையிடத்தில் எனக்குக் காதடைப்பான் கொடுத்தார்கள். மேளக் குழுவில் அப்படி ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது.

நோய் வந்ததும் ஆறுதல் சொல்ல இரண்டு பேர் வந்தார்கள். கோயிலில் ஒரு பெரியவர், "தம்பி, இது அனாகத நாதம். யோகிங்க தவம் இருந்து கேக்குறது உனக்குச் சும்மா கெடச்சிருக்கு" என்றார். அன்பாகத்தான் சொன்னார். யோகிக்குள் கேட்கும் பத்து வகை ஓசைகளைத் திருமூலர் சொல்கிறார், உண்மைதான். மணி, கடல், சங்கு, வண்டு எல்லாம் அதில் உண்டு. ஆனால் யோகி மனம் அடங்கியதால் கேட்கிறார். நான் காது கெட்டதால் கேட்கிறேன். இரண்டையும் ஒன்றாக்கினால் யோகத்துக்கும் மரியாதை இல்லை, வைத்தியத்துக்கும் வழியில்லை. இன்னொருவர் "முன்வினை" என்றார். போன ஜென்மம்வரை போவானேன்? கார் நிறுத்துமிடத்தில் நான் செய்த வினையே எனக்குப் போதும்.

ஆரம்பத்தில் நான் சத்தத்தைக் கண்டு ஓடினேன். நாள் முழுக்கக் காதடைப்பான். வீட்டில் டிவி கிடையாது. கோயிலுக்குப் போவது நின்றது. ஒருநாள் என் மகள் தட்டைக் கீழே போட்டாள். நான் போட்ட கத்தலில் அவள் நடுங்கிப்போனாள். அடுத்த வாரம் அவள் வீட்டுக்குள் நுனிக்காலில் நடப்பதைப் பார்த்தேன். ஆறு வயதுப் பிள்ளை, சொந்த வீட்டில், அப்பாவுக்குப் பயந்து.

ஆடியோலஜிஸ்ட் ஒருவர் நான் எதிர்பார்க்காததைச் சொன்னார். பெருஞ்சத்தத்தில் மட்டும் காதை அடைக்கச் சொன்னார். மற்ற நேரத்தில் எடுத்துவிட வேண்டுமாம். 2003-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், நல்ல காது உள்ளவர்களில் ஒரு பிரிவினர் இரண்டு வாரம் காதை அடைத்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு பிரிவினர் மெல்லிய இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். காதை அடைத்தவர்களுக்குச் சத்தம் முன்னைவிடப் பெரிதாகத் தெரிந்தது. மற்றவர்களுக்குத் தாங்கும் சக்தி கூடியது. 1953-இல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இருவர் கேள்வித்திறன் குறையாத 80 பேரை ஒலி புகாத அறையில் உட்காரவைத்தபோது, பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஏதோ ஒரு சத்தம் கேட்டதாகச் சொன்னார்கள். முழு அமைதியைத் தேடிப் போனால் அங்கேயும் சத்தம்தான். பாவெல் ஜாஸ்ட்ரெபோஃப் 1990-இல் முன்வைத்த கருத்தின் வழியில் வந்த சிகிச்சையும், சத்தத்தை அழிக்க முயல்வதில்லை. அதைக் கண்டு பயப்படுவதை நிறுத்த மூளைக்குக் கற்றுக்கொடுக்கிறது.

"சுருக்கமா சொன்னா, பழகிக்கணும்" என்றார் அவர்.

எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை.

பாட்டிக்கு நான் சொன்ன அதே வார்த்தை. அன்று அது கொடுமை. இன்று எனக்கு அதுதான் மருந்து. ஒரே வார்த்தை எப்படி இரண்டாக முடியும்? பல இரவு இதையே யோசித்தேன். கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் கண்ணன், குளிரும் வெயிலும் வரும், போகும், நிலைக்காது, பொறுத்துக்கொள் என்கிறார். திதிக்ஷை என்று நம் பெரியவர்கள் போற்றும் குணம் இதுதான். புலம்பாமல் பொறுப்பது. ஆனால் அது ஒருவன் தன் துன்பத்தின் முன்னால் நின்று தானே எடுத்துக்கொள்ளும் விரதம். விரதத்தை நாம் இருக்கலாம், அடுத்தவரைப் பட்டினி போட முடியாது. அடுத்தவருக்குத் துன்பத்தை நானே கொடுத்துவிட்டு "பொறுத்துக்கோ" என்று சொன்னால் அது திதிக்ஷை இல்லை, ஹிம்சை. கேட்பவனுக்குப் பொறுமை தர்மம், எழுப்புபவனுக்கு அடக்கம் தர்மம். நாம் இதை மாற்றி வைத்துக்கொள்கிறோம். சத்தம் போடுகிறவன் பொறுமையைப் போதிக்கிறான். கேட்கிறவன் அடக்கத்தைப் போதிக்கிறான். தன் பாடத்தை யாரும் படிப்பதில்லை.

நானும் கேட்கிறவனின் தவறைச் செய்யப் பார்த்தேன். சென்ற தைப்பூசத்துக்கு முன்பு, அதே கார் நிறுத்துமிடத்தில், வேறு தம்பிகள், அதே உறுமி. பத்தரை மணிக்குக் கோபத்தோடு கீழே இறங்கினேன். பாதிப் படியில் பாட்டி ஞாபகம் வந்தது. கீழே போய்ச் சண்டை போடாமல் உட்கார்ந்தேன். அவர்கள் நிறுத்தியதும் பாட்டி கதையைச் சொன்னேன், பஞ்சு உருண்டை உட்பட.

ஒரு தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. "அண்ணே, ஊர்ல யாரு சத்தம் போடல? மோட்டார் ஓட்டுறவன் போடுறான், பட்டாசு வெடிக்கிறவன் போடுறான். நம்மள மட்டும் ஏன் கொறைக்கச் சொல்றீங்க? தோட்டம் போச்சு, எங்க தாத்தா கட்டுன கோயிலும் போச்சு. இந்த மேளம்தான் எங்களுக்கு மிச்சம்."

அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. பட்டணத்தில் நம் பையன்களுக்கு நாலு பேர் திரும்பிப் பார்க்கும் இடம் அந்த மேளம்தான். அதை நான் மறுக்கவில்லை, நானும் அங்கிருந்து வந்தவன்தான். ஆனால் அடுத்தவன் என்ன செய்கிறான் என்பது என் தர்மத்துக்கு அளவுகோல் ஆகாது. இந்தக் கேள்வி நமக்கு மட்டும் உரியதும் இல்லை. சென்னையில் ஒரு குடியிருப்பு மக்கள், பக்கத்துப் பிரார்த்தனைக் கூடத்தின் ஒலிபெருக்கியையும் மேளத்தையும் எதிர்த்துப் போட்ட வழக்கு இந்திய உச்ச நீதிமன்றம்வரை போனது. மற்றவர் அமைதியைக் கெடுத்து வழிபடும்படி எந்த மதமும் சொல்லவில்லை என்று 2000 ஆகஸ்ட்டில் தீர்ப்பு வந்தது. அது கிறிஸ்துவர்கள் சம்பந்தப்பட்ட வழக்கு. ஆனால் அந்த வாக்கியம் எல்லோருக்கும் பொருந்தும், முதலில் நமக்கு. 2005-இல் அதே நீதிமன்றம் இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணிவரை ஒலிபெருக்கிக்கும் பட்டாசுக்கும் தடை போட்டது, மதம் பார்க்காமல்.

இதையெல்லாம் அன்று நான் அவனிடம் சொல்லவில்லை. "மேளத்த விடச் சொல்லல தம்பி. ஒலிபெருக்கிய எடுத்துடலாமா, ஒன்பதரைக்கு முடிச்சிடலாமா?" என்று மட்டும் கேட்டேன். பையில் இருந்த காதடைப்பான்களை ஆளுக்கு ஒரு ஜோடி கொடுத்தேன். மூன்று பேர் வாங்கினார்கள். மறுத்துப் பேசியவன் வாங்கவில்லை. ஆனால் அடுத்த வாரம் ஒலிபெருக்கி இல்லை. நேரம் பத்து மணி ஆனது, ஒன்பதரை இல்லை. அந்த அரை மணி நேரம் என் பங்குப் பொறுமை என்று வைத்துக்கொண்டேன்.

இளைஞர்களே, உங்கள் மேளத்தை நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் உங்கள் அடுக்குமாடியில் எங்கோ ஒரு கதவுக்குப் பின்னால் ஒரு பாட்டி இருப்பார், ராத்திரி வேலை முடிந்து தூங்குகிற ஒருவர் இருப்பார், சத்தம் தாங்காத ஒரு குழந்தை இருக்கும். அவர்கள் கீழே இறங்கி வந்து கேட்கமாட்டார்கள். பயிற்சி தொடங்கும் முன்பு நீங்கள் மேலே ஏறிப்போய்க் கேளுங்கள். உங்கள் காதையும் பாதுகாத்துக்கொள்ளுங்கள். பத்தொன்பது வயதில் நானும் எனக்கு ஒன்றும் ஆகாது என்றுதான் நினைத்தேன்.

இந்த வருடம் தைப்பூசத்தன்று, கல்லுமலை முருகனைப் பார்க்கப் போகும் காவடிகளைப் பார்க்கப் புந்தோங் சாலையோரம் நின்றேன். காதில் அடைப்பான் இருந்தது. பக்கத்தில் என் மகள், அவள் காதிலும் இருந்தது. அந்தத் தம்பிகள் எங்களைக் கடந்து போனபோது, உறுமி காதில் பாதியும் நெஞ்சில் மீதியுமாகக் கேட்டது. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு தாளத்துக்கு ஏற்பக் குதித்தாள், நுனிக்காலில் இல்லை.

ராத்திரி இரண்டு மணிக்கு அந்தச் சில்வண்டு இன்னும் கத்துகிறது. மின்விசிறியை ஓடவிட்டுப் படுத்துக்கொள்கிறேன். பழகிக்கொண்டிருக்கிறேன் பாட்டி.